மானுக்குப் பட்டா எழுதிய மகாராஜா

ஊரைப் பிடித்தவன் முதலில் கோட்டை கட்டுவான், அடுத்து வரி போடுவான். 1066இல் இங்கிலாந்தைப் பிடித்த நார்மண்டி வில்லியம் இரண்டையும் முடித்துவிட்டு, 1079 வாக்கில் மான் வளர்க்க உட்கார்ந்தான்.

தெற்கே ஹாம்ப்ஷயரில் பெரிய நிலப்பரப்பு ஒன்றை வளைத்து 'நியூ ஃபாரஸ்ட்' என்று பெயர் வைத்தான். தொள்ளாயிரம் வருஷத்துக்கு மேல் ஆகியும் அந்தக் காட்டுக்கு இன்றும் அதுவே பெயர். தாத்தா காலத்தில் திறந்த பேருந்து நிலையத்தை நாம் இன்னும் 'புது பஸ் ஸ்டாண்டு' என்கிறோமே, அந்தக் கணக்கு.

'ஃபாரஸ்ட்' என்றதும் மரத்தைத் தேட வேண்டாம். 'வெளியே' என்று பொருள்படும் லத்தீன் சொல்லிலிருந்து வந்தது அது என்பார்கள். அதாவது, ஊருக்கு இருக்கும் பொதுச் சட்டத்துக்கு வெளியே உள்ள இடம். அங்கே தோப்பு இருக்கலாம், பொட்டல் இருக்கலாம், உங்கள் வீடும் வயலும்கூட இருக்கலாம். ராத்திரி விவசாயியாகப் படுத்தவன் காலையில் காட்டுவாசியாக எழுந்திருப்பான். நிலம் அவனுடையதுதான், உழுவதும் விதைப்பதும் அவன்தான், ஆனால் சாப்பாட்டுக்கு முதல் பந்தி மானுக்கு. மான் தாண்ட முடியாத உயரத்தில் அவன் வேலி கட்டக் கூடாது. காட்டுச் சட்டம் பாதுகாத்தவை இரண்டே பொருள்கள்: ஒன்று மான், இன்னொன்று மான் தின்னும் பச்சை. மனிதன் அந்தப் பட்டியலில் இல்லை.

மானைக் கொன்றவனுக்குக் கண்ணைப் பிடுங்குவது தண்டனை. வில்லியம் செத்த பிறகு அவன் ஆட்சியைப் பற்றி எழுதிய சரித்திரக்காரர் ஒருவர், மன்னன் மான்களைப் பெற்ற தகப்பனைப் போல நேசித்தான் என்று குத்தலாக எழுதி வைத்தார். பெற்ற பிள்ளைகளோடு அவனுக்கு அவ்வளவு ஒட்டுதல் இல்லை. காடு பிறந்ததாகச் சொல்லப்படும் அதே 1079இல், ஜெர்பரோயில் மூத்த மகன் ராபர்ட்டை எதிர்த்துச் சண்டை போட்டுக் கையில் காயத்தோடு திரும்பினான். எந்த மானும் அவனுக்கு அப்படிச் செய்ததில்லை என்பதைச் சொல்லத்தான் வேண்டும்.

காட்டுக்காக ஊர் ஊராக இடித்தான், கோயில் கோயிலாகத் தகர்த்தான் என்று மடத்துச் சரித்திரக்காரர்கள் ஏற்றிச் சொன்னார்கள். அந்த மண்ணின் தரத்துக்கு அவ்வளவு ஊர்கள் அங்கே பிழைத்திருக்கவே முடியாது என்கிறார்கள் இப்போதைய ஆய்வாளர்கள். ஆனால் வயிறெரிந்தவர்கள் விட்ட சாபம் மட்டும் பலித்துவிட்டது என்று ஜனங்கள் நம்பினார்கள். நம்பாமல் எப்படி இருப்பார்கள்? வில்லியமின் மகன் ஒருவன், ரிச்சர்ட், அந்தக் காட்டில் வேட்டையாடப் போய்ச் செத்தான். பேரன் ஒருவன், அவனும் ரிச்சர்ட், அதே காட்டில் 1100இல் செத்தான். அதே ஆண்டு ஆகஸ்ட் 2ஆம் தேதி இன்னொரு மகன், அப்போது நாட்டுக்கே ராஜா, அதே காட்டில் செத்தான்.

இந்த மூன்றாவது சாவுதான் ருசியானது. ராஜா பெயர் இரண்டாம் வில்லியம். முகம் சிவந்திருந்ததால் 'ரூஃபஸ்', நம் பாஷையில் செவத்தையன். கூட வேட்டைக்குப் போனவர்களில் வால்டர் டிரெல் என்கிற பிரபு ஒருவன். அம்பு ஒன்று கிளம்பியது. மான் பிழைத்தது, ராஜா பிழைக்கவில்லை. டிரெல் நின்று விளக்கம் சொல்லவில்லை, நேரே பிரான்சுக்கு ஓடினான். கூட வந்தவர்களும் பிணத்தை அப்படியே போட்டுவிட்டு அவரவர் ஆஸ்தியைக் காப்பாற்றக் கிளம்பினார்கள். கடைசியில் கரி சுடுகிறவன் ஒருவன் தன் வண்டியில் போட்டு ராஜாவை வின்செஸ்டருக்கு ஓட்டிப் போனான் என்று கதை.

ராஜாவின் தம்பி ஹென்றியும் வேட்டைக் கூட்டத்தில் இருந்தான். அவனும் வின்செஸ்டருக்குத்தான் பறந்தான், ஆனால் பிணத்தோடு இல்லை. கஜானா அங்கேதான் இருந்தது. ஆகஸ்ட் 5ஆம் தேதி வெஸ்ட்மின்ஸ்டரில் அவனுக்கு முடிசூட்டு. நம் வழக்கப்படி அண்ணனுக்குப் பால் தெளித்திருக்க வேண்டிய நாள் அது. அம்பு விபத்தா, வினையா என்று சரித்திரக்காரர்கள் இன்றுவரை அடித்துக்கொள்கிறார்கள். என்னைக் கேட்டால், அந்தக் கூட்டத்தில் கெட்ட எண்ணம் இல்லாதிருந்தது மான் ஒன்றுதான். ரூஃபஸைப் புதைத்த தேவாலயத்தின் கோபுரம் 1107இல் சரிந்து விழுந்தது. அதையும் ஊர் அவன் கணக்கில்தான் எழுதியது.

தலைமுறைகள் போகப் போக, மானுக்குச் சேவகம் செய்ய ஒரு இலாகாவே வளர்ந்தது. ஃபாரஸ்டர், ரேஞ்சர் எல்லாம் அந்த இலாகாவின் உத்தியோகங்கள். நம் மலையடிவாரத்தில் சுள்ளி பொறுக்கப் போனவர்கள் "ரேஞ்சர் வர்றாரு" என்று கட்டைப் போட்டுவிட்டு ஓடும்போது, அந்தச் சொல் நார்மன் பரம்பரை என்பது ஓடுகிறவர்களுக்கும் தெரியாது, வருகிறவருக்கும் தெரியாது.

இலாகாவுக்கு முதல் எதிரி நாய். காட்டு எல்லைக்குள் இருக்கும் பெரிய நாய்களுக்கு முன்னங்காலில் மூன்று நகங்களை வெட்டிவிட வேண்டும், மானைத் துரத்தினால் நொண்டும். வெட்டாத நாயைப் பிடித்தால் சொந்தக்காரனுக்கு மூன்று ஷில்லிங் அபராதம். மூன்று வருஷத்துக்கு ஒருமுறை ஆய்வு வேறு. எது பெரிய நாய் என்பதற்கு ஒரு அளவுகோலும் உண்டு. லிண்ட்ஹர்ஸ்ட்டில் காட்டு நீதிமன்றம் கூடும் மண்டபத்தில் ஒரு பெரிய இரும்பு அங்கவடி தொங்குகிறது. அதற்குள் நுழைந்து வெளியே வந்துவிடும் நாய் சின்ன நாய், நகம் தப்பியது. மாட்டிக்கொண்டது பெரிய நாய். அது ரூஃபஸ் கால் வைத்த அங்கவடி என்று பெருமையாகச் சொல்வார்கள். அவன் செத்து நானூறு வருஷத்துக்கு அப்புறம் செய்தது என்பது பார்த்தாலே தெரியும். ஆராய்ச்சிக்கு யாரும் நாயை அனுப்பவில்லை.

அடுத்து வேலி மாதம். நடுக்கோடைக்கு முன்னே பதினைந்து நாள், பின்னே பதினைந்து நாள், மான்கள் குட்டி போடும் காலம். அந்த மாதத்தில் காட்டுக்குள் ஆள் திரியக் கூடாது, பன்றி மேயக் கூடாது. கிட்டத்தட்ட நம் மீன்பிடித் தடைக்காலம் மாதிரி. இங்கே மீனவருக்கு நிவாரணமாவது தருகிறார்கள், அங்கே காட்டுக் குடிமகனுக்கு வேடிக்கை பார்க்கும் உரிமைகூடக் கிடையாது. பிரசவ அறைக்கு வெளியே நிற்கும் மாப்பிள்ளை போலக் காத்திருக்க வேண்டியதுதான்.

மான்களுக்குள்ளும் சாதி இருந்தது. சிவப்பு மான் உசத்தி. நார்மன்கள் கொண்டு வந்து பரப்பிய ஃபாலோ மானும் உசத்தி. அது நம் புள்ளிமானுக்கு ஒன்றுவிட்ட தம்பி போல உடம்பெல்லாம் புள்ளியும், தலையில் அகப்பை மாதிரி அகன்ற கொம்புமாக இருக்கும். ரோ மான் என்று ஒரு சின்ன ஜாதி, இங்கிலாந்தின் சொந்த மண்ணின் மைந்தன். 14ஆம் நூற்றாண்டில் நீதிமன்றம் அதைப் பதவி இறக்கியது. குற்றச்சாட்டு: மற்ற மான்களை விரட்டுகிறது. வந்தேறிகள் உயர்ந்த இடத்தில் உட்கார்ந்துகொண்டு, மண்ணுக்குரியவனைச் சண்டைக்காரன் என்று தள்ளிவைத்த வழக்கு அது. மேல்முறையீடு செய்ய ரோ மானுக்கு வக்கீல் கிடைக்கவில்லை.

ஜனங்கள் பொறுத்தார்கள், பிரபுக்கள் பொறுக்கவில்லை. 1217 நவம்பரில், அப்போதுதான் பத்து வயது முடிந்திருந்த மூன்றாம் ஹென்றியின் பெயரில் காட்டுச் சாசனம் ஒன்று வந்தது. பள்ளிக்கூடத்தில் நாம் உருப்போட்ட மேக்னா கார்ட்டா, அதாவது 'பெரிய சாசனம்', பெரியது என்று பெயர் வாங்கியதே பக்கத்தில் இந்தச் சின்னச் சாசனம் இருந்ததால்தான். மானுக்காக யாரும் உயிரையோ உறுப்பையோ இழக்கக் கூடாது என்றது அது. அபராதம் கட்டலாம், கட்ட வழியில்லாதவன் ஒரு வருஷமும் ஒரு நாளும் சிறையில் இருக்கலாம். 150 வருஷ மான் ஆட்சியில் மனிதனுக்குக் கிடைத்த பெரிய சலுகை.

அந்தச் சாசனத்தில் எனக்குப் பிடித்த இடம் ஒன்று இருக்கிறது. பேராயரோ பிரபுவோ ராஜாவைப் பார்க்கக் காட்டு வழியாக வந்தால், வனக்காவலன் முன்னிலையில் ஒன்றிரண்டு மான்களை அடித்துக்கொள்ளலாம். காவலன் பக்கத்தில் இல்லையென்றால்? கொம்பு ஊத வேண்டும். திருடுவதாகத் தோன்றக் கூடாதல்லவா! ஏழை சத்தமில்லாமல் அடித்தால் திருட்டு, பெரிய மனிதர் ஊதிவிட்டு அடித்தால் விருந்து. இந்தக் கொம்பு பிற்காலத்தில் காரில் பொருத்தப்பட்டு நம் ஊர்ச் சாலைகளிலும் கேட்கிறது.

ராஜாவுக்கு மட்டும் காடா என்று பிரபுக்களுக்கும் மடங்களுக்கும் ஆற்றாமை. 1300 வாக்கில் இங்கிலாந்தில் சுமார் 3,000 தனியார் மான் தோப்புகள் இருந்ததாகக் கணக்குச் சொல்கிறார்கள். கார் வைத்திருப்பதே கவுரவம் என்று இருந்ததே ஒரு காலம், அப்போது அங்கே மான் தோப்பு. மான்கறி அங்காடியில் விற்காது, விற்பதே கேவலம். பெரிய இடத்துக்குப் பெரிய இடம் பரிசாக அனுப்பிக்கொள்வது. காசு கொடுத்தாலும் கிடைக்காத கறி என்பதால், வாங்க முடியாத எல்லாருக்கும் அதன் மேல் ஆசை.

தோப்பைப் பராமரிப்பதில் மட்டும் அவர்களைக் கிண்டல் செய்ய முடியாது. வேலை தெரிந்தவர்கள். மான் தின்பது திறந்த வெளியில், ஒளிவது புதரில். இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் இருந்தால்தான் அது தங்கும். ஆகவே தோப்பின் நடுவே புல்வெளி விட்டார்கள், ஓரத்தில் அடர்த்தியாக மரம் விட்டார்கள். விறகுக்கு மரத்தை அடியோடு வெட்டினால் கரும்பு மறுதாம்பு போலக் கட்டையிலிருந்து கொத்துக் கொத்தாகத் துளிர்க்கும். அந்தத் துளிர் மானுக்கு அல்வா. அதனால் வெட்டிய பாத்தியைச் சில வருஷம் வேலி போட்டு அடைத்து, துளிர் மானின் வாய்க்கு மேலே வளர்ந்த பிறகுதான் திறந்துவிட்டார்கள். வேலிக்குச் செலவழிக்க மனமில்லாதவர்கள் மரத்தை ஆள் உயரத்துக்கு மேலே மொட்டையடித்தார்கள். துளிர் தலைக்கு மேலே, மான் கீழே, கழுத்து வலிதான் மிச்சம்.

குளிர்காலத்தில் புல் தீர்ந்ததும், நம் கீதாரி ஆட்டுக்குக் குழை ஒடித்துப் போடுவதுபோல, தோப்புக்காரன் கிளை வெட்டிப் போட்டான். ஹாலி மரத்தின் கீழ் இலையில் முள் இருக்கும், உச்சி இலையில் அவ்வளவு இருக்காது. அதனால் மேலே ஏறித்தான் வெட்ட வேண்டும். மான் இலையையும் பட்டையையும் தின்ற பிறகு மிஞ்சும் கட்டை அவனுக்கு. இதில் ஒரு சிக்கல்: மானுக்கென்று சொல்லித் தன் வீட்டு அடுப்புக்குத் தோதான தடிக் கிளைகளாக அவன் வெட்டத் தொடங்கினான். மான் கொம்பால் புரட்ட முடிகிற கனத்துக்கு மேல் வெட்டக் கூடாது என்று அதற்கும் ஒரு வழக்கம் வைத்தார்கள். எடைக்கல்லாகவும் மானையே நியமித்தவர்கள் உலகத்தில் வேறு யாரும் இருக்க முடியாது.

தோப்பைச் சுற்றி மேடு, மேட்டின் மேல் பிளந்த ஓக் கழிகளால் வேலி, உள்பக்கம் பள்ளம். அந்த வேலிக்கு ஆகும் செலவில் கைப்பிடிப்பாக இருக்க மூலைகளையே வளைத்துவிட்டார்கள், பழைய வரைபடத்தில் தோப்புகள் தேய்ந்த சோப்புக் கட்டி மாதிரி தெரிவது அதனால்தான். ஆனால் மூளை முழுக்கச் செலவானது 'மான் தாண்டி' என்ற இடத்தில்தான். வேலியில் ஓரிடத்தை வெளிப்பக்கம் தாழ்வாகவும் உள்பக்கம் ஆழமாகவும் அமைப்பார்கள். வெளியே திரியும் ராஜா வீட்டு மான் ஜாலியாக உள்ளே குதிக்கும், திரும்ப ஏற முடியாது. கந்துவட்டிக் கடையின் வாசற்படியும் இதே அளவில் கட்டியதுதான். சும்மா மேய வந்த மான் பிரபுவின் சொத்தாகிவிடும். ராஜாவுக்கு வயிறு எரியாதா? மான் தாண்டி வைக்கத் தனி உரிமம் வேண்டும் என்றார். காசு கட்டியவர்கள் ராஜாவின் மானைச் சட்டப்படி களவாடினார்கள்.

பெரிய மனிதர்களின் குறி எப்போதும் சுமார்தான். 1621 ஜூலை 24ஆம் தேதி, பிராம்ஸ்ஹில் என்ற தோப்பில் விருந்தாளியாக வந்தவர் கேன்டர்பரி பேராயர் ஜார்ஜ் அபட். இங்கிலாந்துத் திருச்சபையில் ராஜாவுக்கு அடுத்த இடம். கையில் குறுக்குவில். மானைப் பார்த்து விட்டார், தோப்புக்காரர் மேல் பட்டது. ரத்தம் நிற்காமல் மனிதர் போய்ச் சேர்ந்தார். திருச்சபையில் பெரிய தர்க்கம்: கொலை செய்த கையால் ஞானாபிஷேகம் செய்யலாமா? புதிதாக நியமனமான ஆயர்கள் சிலர் இவர் கை எங்கள் தலையில் படக் கூடாது என்று ஒதுங்கினார்கள். விசாரணைக் குழு இரண்டாகப் பிளந்தது. கடைசியில் ராஜா ஜேம்ஸ் மன்னித்தார், ஜேம்ஸே பெரிய வேட்டைப் பித்தர் என்பதால் அவருக்கு இது அன்றாடச் சங்கடம். பேராயர் தோப்புக்காரரின் விதவைக்கு வருஷத்துக்கு 20 பவுண்டு கொடுத்தார், சாகும்வரை மாதம் ஒரு செவ்வாய் விரதம் இருந்தார். மான் எந்தப் பக்கம் போனது என்று யாரும் எழுதவில்லை.

ஜேம்ஸின் மகன் முதலாம் சார்லஸ் கொள்ளைநோய்க்குப் பயந்து லண்டனை விட்டு ரிச்மண்டுக்கு வந்தவன், அங்கேயே வேட்டைக்கு இடம் தேடினான். நிலக்காரர்கள் சிலர் விற்க மாட்டோம் என்றார்கள். அவர்கள் சம்மதிக்கும் முன்பே சுவர் எழும்பத் தொடங்கியது. 1637இல் சுமார் எட்டு மைல் சுற்றுச்சுவருக்குள் 2,500 ஏக்கர், உள்ளே மான்கள். பன்னிரண்டு வருஷத்தில் சார்லஸின் தலையை வெட்டினார்கள். அதற்கு வேறு காரணங்களும் உண்டு, எல்லாப் பழியையும் மான் மேல் போட முடியாது.

சுவர் எழுப்பியபோது ஜனங்கள் நடந்து போகும் பாதை உரிமையை விட்டுவைத்திருந்தான். நூறு வருஷம் கழித்து, இரண்டாம் ஜார்ஜின் மகள் இளவரசி அமேலியா அந்தப் பூங்காவுக்கு ரேஞ்சராக வந்தார். வந்ததும் கதவைச் சாத்தினார், சீட்டு வைத்திருக்கும் வேண்டியவர்கள் மட்டும் வரலாம். அந்த ஊரில் பீர் காய்ச்சும் ஜான் லூயிஸ் என்பவர் வழக்குப் போட்டு 1758இல் ஜெயித்தார். கதவு வேண்டுமா, ஏணிப்படி வேண்டுமா என்று நீதிபதி கேட்டாராம். கதவென்றால் மான் தப்பிவிடும் என்று சொல்லித் தாழ்ப்பாள் போட்டுவிடுவார்கள், ஏணிக்குத் தாழ்ப்பாள் இல்லை. லூயிஸ் ஏணி கேட்டார். பீர்க்காரர் தெளிவாகத்தான் இருந்தார்.

இளவரசி தரப்பு ஏணி வைத்தது. படிக்கும் படிக்கும் நடுவே எவ்வளவு இடைவெளி தெரியுமா? சிலம்பாட்ட வாத்தியார்தான் ஏறலாம். மறுபடி முறையீடு. குழந்தைகளும் கிழவர்களும் மட்டுமல்ல, கிழவிகளும் ஏறும்படி படி வையுங்கள் என்று நீதிபதி சர் மைக்கேல் ஃபாஸ்டர் உத்தரவிட்டார். சில வருஷத்தில் இளவரசி ரேஞ்சர் வேலையை விட்டுப் போனார். மான் தாண்டி கட்டுவதில் கில்லாடிகளான பரம்பரையை, ஆள் தாண்டி கட்ட வைத்தவர் என்பதால் லூயிஸ் மேல் எனக்குத் தனி மரியாதை.

இந்த மான் மோகம் கப்பலேறிச் சென்னைக்கும் வந்தது. கிண்டிக் காட்டைக் கும்பினி அரசு 1821இல் ஒரு தனியாரிடமிருந்து 35,000 ரூபாய்க்கு வாங்கி, கவர்னர் பங்களாவோடு சேர்த்துக்கொண்டது. ஐஐடி மாணவர்களின் சாப்பாட்டுத் தட்டை எட்டிப் பார்க்கும் புள்ளிமான்கள் அந்த வகையில் பெரிய இடத்து வாரிசுகள்.

இங்கிலாந்தில் இதற்கிடையே 1723இல் கறுப்புச் சட்டம் என்று ஒன்று வந்தது. மான் திருடுகிறவர்கள் முகத்தில் கரி பூசிக்கொண்டு வந்தார்கள், ஆயுதத்தோடும் கரி முகத்தோடும் காட்டில் நின்றாலே தூக்கு என்றது பாராளுமன்றம். நூறு வருஷம் அந்தச் சட்டம் இருந்தது. பிறகு 1851இல் தலைகீழாகத் திரும்பினார்கள். கப்பலுக்கு ஓக் மரம் வேண்டும், கன்றுகளை மான் தின்கிறது, ஆகவே நியூ ஃபாரஸ்ட்டிலிருந்து இரண்டே வருஷத்தில் எல்லா மான்களையும் ஒழித்துவிட வேண்டும் என்று சட்டம். வில்லியம் கட்டிய காட்டிலிருந்து வில்லியமின் குழந்தைகளுக்கே வெளியேற்ற நோட்டீஸ்! சுட்டார்கள், சுட்டுக்கொண்டே இருந்தார்கள். மான்கள் பக்கத்துத் தோப்புகளில் போய் நின்று சத்தம் அடங்கியதும் திரும்பிவிட்டன. ஓக் பெரிதாக நூறு வருஷத்துக்கு மேலாகும், பத்து வருஷத்துக்குள் கடற்படை இரும்புக் கப்பலுக்கு மாறிவிட்டது.

கடைசியாக ஒரு கோமகன். வோபர்னில் பெட்ஃபோர்டு கோமகன் தன் தோட்டத்தில் உலகத்து மான்களையெல்லாம் சேர்த்தார். சீனத்துப் பேரரசரின் வேட்டைப் பூங்காவில் மட்டுமே மிஞ்சியிருந்த பெரே டேவிட் மான், அங்கே வெள்ளத்திலும் கலகத்திலும் அழிந்தது. இவர் ஐரோப்பாவில் அங்கங்கே இருந்த 18 மான்களைத் திரட்டி இனத்தைக் காப்பாற்றினார். 1985இல் சீனாவுக்கே திருப்பி அனுப்பினார்கள். இவ்வளவு நல்லது செய்தவர் கையோடு இன்னொன்றும் செய்தார்: 1901இல் சீனக் கேளையாடுகளைச் சுற்றுக்காடுகளில் அவிழ்த்துவிட்டார். நாய் உயரம், நாய் போலக் குரைக்கும், வருஷம் முழுக்கக் குட்டி போடும். கும்பினியின் தேயிலைப் பரிசோதகராகக் கான்டனில் இருந்த ஜான் ரீவ்ஸ் பெயரில்தான் அந்த இனம் அழைக்கப்படுகிறது. இன்று தெற்கு இங்கிலாந்தில் அது வராத கொல்லை இல்லை.

இங்கிலாந்தில் ஓநாயை இடைக்காலத்திலேயே தீர்த்துவிட்டார்கள், கவர்ந்து போடும் பிரபுக்களும் இல்லை. பிரிட்டனில் இப்போது சுமார் 20 லட்சம் மான்கள் என்று மதிப்பிடுகிறார்கள். அடிக்காட்டை அவை மொட்டையடிப்பதால் நைட்டிங்கேல் குருவிக்குக் கூடு கட்டப் புதர் இல்லை. ஒருகாலத்தில் மானுக்காகக் காட்டைத் திருத்திய தோப்புக்காரர்களின் வாரிசுகள், இன்று மானிடமிருந்து காட்டைக் காக்க வேலி போட்டு, இந்தக் கறியை வாங்கிச் சாப்பிடுங்கள் என்று ஜனங்களைக் கெஞ்சுகிறார்கள்.

ரிச்மண்ட் பூங்கா இருக்கிறது, சார்லஸின் சுவரும் இருக்கிறது, அறுநூற்றுச் சொச்சம் மான்கள் மேய்கின்றன. 2011இல் ஃபென்டன் என்ற லாப்ரடார் நாய் ஒன்று அங்கே மான் கூட்டத்தையே சாலைக்குக் குறுக்காகத் துரத்த, பின்னாலேயே ஒருவர் பெயரைக் கத்திக்கொண்டு ஓடிய காட்சியை உலகமே பார்த்துச் சிரித்தது. அதன் நான்கு கால் நகங்களும் பத்திரமாக இருந்தன. மான்கள் குட்டி போடும் மாதங்களில் மட்டும் பூங்காவுக்குள் நாய்களைக் கயிற்றில் பிடித்துத்தான் கூட்டிப் போக வேண்டும். வேலி மாதம் இன்னும் முடியவில்லை.

லண்டனில் பிள்ளைகள் வீட்டுக்குப் போகிறவர்கள் ஒரு நாள் போய்ப் பார்த்துவிட்டு வாருங்கள், அனுமதி இலவசம். மானிடமிருந்து 50 மீட்டர் தள்ளி நில்லுங்கள், கொம்பு ஊத வேண்டியதில்லை.